பிளாக்ஹாக் ஓட்டுபவர் செஸ்னா வாங்கும்போது

2025 பிப்ரவரி 8, சனி

அலபாமாவில் உள்ள ராணுவ ஹெலிகாப்டர் பயிற்சித் தளத்துக்கு 2023 முதல் 2025 வரை ஃபோர்ட் நோவோசெல் என்று பெயர் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் பி-29 குண்டுவீச்சு விமானம் ஓட்டிவிட்டு, வியட்நாமில் காயம்பட்டவர்களை ஏற்றிவரும் ஹெலிகாப்டருக்கு மாறிய மைக்கேல் நோவோசெல்லின் பெயர். இந்தக் குறிப்பு போவது எதிர்த்திசையில்: யு.எச்-60 பிளாக்ஹாக் ஹெலிகாப்டர் ஓட்டும் ராணுவ பைலட், நாலு இருக்கை பிஸ்டன் விமானம் வாங்குவது எப்படி என்பது.

கடைசியில் பட்டியலில் நிற்பவை இரண்டுதான். பைப்பர் பிஏ-28 குடும்பம், செஸ்னா 172. பைப்பருக்கு இறக்கை கீழே, கதவு ஒன்றே ஒன்று. பெட்ரோல் வால்வில் இடது டாங்க் அல்லது வலது டாங்க். இரண்டும் சேர்ந்து என்ற நிலையே கிடையாது. மாற்ற மறந்தால் ஒரு டாங்க் நிறைந்திருக்கும்போதே இன்ஜின் நின்றுவிடும். செஸ்னாவில் ‘இரண்டும்’ என்று திருப்பிவிட்டால் புவியீர்ப்பே பார்த்துக்கொள்ளும். 2018 ஏப்ரலில் டேட்டோனா பீச்சில் பிஏ-28 ஒன்றின் இறக்கை பறக்கும்போதே பிய்ந்து விழுந்தது. அதற்குப் பிறகு வந்த ஏ.டி. (அமெரிக்க விமானத் துறை ஆணையமான எஃப்.ஏ.ஏ. இடும் கட்டாயப் பாதுகாப்பு உத்தரவு) 2020-26-16 படி, அதிகம் உழைத்த பைப்பர்களின் இறக்கையின் முதுகெலும்பான ஸ்பார் உத்தரத்தின் போல்ட் துளைகளை எடி கரண்ட் (மின்காந்தத்தால் விரிசல் தேடும்) முறையில் சோதித்திருக்க வேண்டும். அந்தச் சோதனை முடிந்ததற்கான பதிவு லாக்புக் என்ற பராமரிப்பு ஏட்டில் இருந்தால் பைப்பரும் நல்ல வாங்கல்தான். முதல் விமானத்துக்கு என் கை செஸ்னா பக்கம் சாய்கிறது.

2025 பிப்ரவரி 16, ஞாயிறு

லைசென்ஸ் கணக்கு. எஃப்.ஏ.ஏ. விதி 61.73 படி ராணுவ பைலட் ஒரே ஒரு எழுத்துத் தேர்வு எழுதி கமர்ஷியல் ஹெலிகாப்டர் லைசென்ஸ் வாங்கிவிடலாம். பறந்து காட்ட வேண்டியதில்லை. இதை வைத்துக்கொண்டு செஸ்னாவிலும் ஏறிவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஏற முடியாது. விமானம் தனி வகை.

முதலில் பிரைவேட் நிலையில் ஒற்றை இன்ஜின் விமான ரேட்டிங்கை (லைசென்ஸில் சேரும் தகுதி) சேர்ப்பதே வழி. மறுபடி எழுத்துத் தேர்வு கிடையாது. மொத்தம் 40 மணி நேரம் என்ற கணக்கு ஹெலிகாப்டர் மணியாலேயே நிரம்பிவிடும். ஆனால் சில மணிகள் விமானத்திலேயே ஆக வேண்டும்: பயிற்றுநருடன் 3 மணி தொலைதூரம், 3 மணி இரவு (10 தரையிறக்கங்கள் சேர்த்து), 3 மணி கருவிகளை மட்டும் பார்த்து, 3 மணி தேர்வுத் தயாரிப்பு. அதற்கு மேல் தனியாக 10 மணி. அதில் 5 மணி தொலைதூரம்; ஒரு பயணம் 150 நாட்டிகல் மைல், மூன்று இடங்களில் இறங்கி. இரண்டாயிரம் மணி பறந்தவரும் இந்தப் பத்து மணிக்குப் பயிற்றுநரின் கையெழுத்துக்காகக் காத்திருக்கத்தான் வேண்டும்.

பலருக்குத் தெரியாத ஒரு சலுகை: நடப்பில் உள்ள ராணுவ விமானி மருத்துவச் சான்று இருந்தால், அமெரிக்க வான்வெளிக்குள் சொந்தமாகப் பறக்க எஃப்.ஏ.ஏ. மருத்துவச் சான்று தனியாக வேண்டாம். ராணுவத்தை விட்டு வெளியே வந்ததும் இது போய்விடும்.

2025 மார்ச் 1, சனி

பணம் கட்டுவதற்கு முன் வாடகை விமானத்தில் 15 மணியாவது பறந்துவிடுவது நல்லது. காரணம் கையும் காலும்.

ஹெலிகாப்டரில் வலது கையில் சைக்ளிக் (திசையும் சாய்வும் மாற்றும் தடி), இடது கையில் கலெக்டிவ் (ஏற்றி இறக்கும் நெம்புகோல்). செஸ்னாவின் இடது இருக்கையில் உட்கார்ந்தால் இடது கையில் கைப்பிடி, வலது கையில் திராட்டில் (பவரைக் கூட்டிக் குறைக்கும் பிடி). காலும் தலைகீழ். பிளாக்ஹாக்கில் பவர் ஏற்றினால் மூக்கு வலப்பக்கம் திரும்பப் பார்க்கும், இடது பெடல் வேண்டும். செஸ்னாவில் முழு பவர் கொடுத்தால் மூக்கு இடப்பக்கம் ஓடும், வலது பெடல் வேண்டும். போதாக்குறைக்கு கட்டுப்பாடுகளைத் தானே ஒன்றோடொன்று இசைக்கும் பிளாக்ஹாக்கின் மிக்சிங் யூனிட்டும், 60 நாட் (மணிக்கு 60 நாட்டிகல் மைல்) வேகத்துக்கு மேல் திருப்பத்தைச் சீர்செய்யும் ஆட்டோ பைலட்டும் சேர்ந்து காலைச் சோம்பேறியாக்கி வைத்திருக்கும்.

ஆபத்தானது இறங்கும் பழக்கம். தரையை நெருங்க நெருங்க வேகத்தைக் குறைத்து நிறுத்துவது ஹெலிகாப்டர்காரரின் ரத்தத்தில் ஊறியது. 172-ஐ இறுதி இறக்கத்தில் 60-65 நாட் வேகத்தில் பிடித்து வைக்க வேண்டும். அங்கே மூக்கைத் தூக்கி வேகத்தைக் கரைத்தால் காத்திருப்பது ஹோவர் (அந்தரத்தில் நிற்பது) அல்ல, ஸ்டால் (இறக்கை தூக்குசக்தியை இழப்பது). உயரமான காக்பிட்டிலிருந்து தரையைப் பார்த்துப் பழகிய கண், செஸ்னாவில் பத்தடி உயரத்திலேயே மூக்கைத் தூக்கச் சொல்லும். இன்ஜின் நின்றால் இடது கை தானாகக் கீழே போகும், ஆனால் அங்கே கலெக்டிவ் இல்லை. மூக்கைத் தாழ்த்தி 65 நாட் பிடிப்பதுதான் இங்கே முதல் வேலை.

ஹெலிகாப்டரின் டர்பைன் இன்ஜினில் இல்லாத இன்னொன்று, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர். ஈரக்காற்றில், வெயில் 20 டிகிரி செல்சியஸ் இருக்கும்போதுகூட உள்ளே பனி பிடிக்கும். ஆர்.பி.எம். மெல்ல இறங்கினால் கார்ப் ஹீட்டை (கார்புரேட்டருக்குச் சூடான காற்றை விடும் பிடி) முழுக்க இழு. முதலில் இன்ஜின் இன்னும் மோசமாகத் தடுமாறும், உருகிய தண்ணீர் உள்ளே போவதால். பயந்துபோய்த் திரும்ப உள்ளே தள்ளிவிடக் கூடாது.

2025 மார்ச் 9, ஞாயிறு

எடை. செஸ்னா 172என் (172N) மாடலின் மொத்த எடை வரம்பு 2,300 பவுண்டு. நாலு இருக்கை என்றால் நாலு பேர் என்று அர்த்தமில்லை. எடைத் தாளில் வெறும் எடை 1,450 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். பயன்படுத்தக்கூடிய பெட்ரோல் 40 கேலன், கேலனுக்கு 6 பவுண்டு, ஆக 240. மிச்சம் 610. பெரிய ஆட்கள் மூவர், ஒரு சின்னப் பை. இணையத்தில் பார்த்த எண்ணை நம்பாமல், அந்தக் குறிப்பிட்ட விமானத்தின் கடைசி எடைத் தாளைக் கேட்டு வாங்க வேண்டும்.

2025 மார்ச் 22, சனி

விற்பவர் அனுப்பும் படங்களில் பெயின்ட் பளபளக்கும். பார்க்க வேண்டியது லாக்புக். எல்லாப் பக்கங்களையும் ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்ல வேண்டும். கூடவே எஃப்.ஏ.ஏ.விடமிருந்து விமானத்தின் முழுக் கோப்பும். அதில் உள்ள 337 படிவங்கள் பெரிய பழுதுகளையும் மாற்றங்களையும் சொல்லும். லாக்புக்கில் ஒரு வரியாக மறைந்திருக்கும் விபத்து அங்கே மூன்று பக்கமாக வெளிவரும்.

இன்ஜினுக்கு முழுப் பிரிப்பு (ஓவர்ஹால்) வரை, அதைத் தயாரிக்கும் லைகமிங் நிறுவனம் தரும் கணக்கு 2,000 மணி அல்லது 12 ஆண்டு. விளம்பரத்தில் வருவது மணி மட்டும். 1996-இல் பிரித்துக் கோத்து அதன்பின் 400 மணி மட்டுமே ஓடிய இன்ஜினை ‘புதுசு மாதிரி’ என்பார்கள். எனக்கு அது ஆண்டுக்கு 100 மணி ஓடிய 1,400 மணி இன்ஜினை விட மோசம். லைகமிங்கில், டேப்பெட் வழியாக வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் இருப்பது கிராங்க் ஷாஃப்டுக்கு மேலே. சும்மா நின்றால் எண்ணெய் வழிந்து இறங்கிவிடும், ஈரம் கேமில் துருப் புள்ளி வைக்கும், பிறகு ஓடும்போது அந்தப் புள்ளி டேப்பெட்டை அரைத்துத் தின்னும்.

172என் மாடலின் 160 குதிரைசக்தி ஓ-320-எச்2ஏடி இன்ஜினுக்கு இந்த நோய் கூடுதல். அதனால்தான் எல்.டபிள்யூ-16702 என்ற எண்ணெய்ச் சேர்மானம் கட்டாயமானது. எண்ணெய் மாற்றிய ஒவ்வொரு பதிவிலும் அது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் இரண்டு மேக்னெட்டோவும் ஒரே உறையில், ஒரே ஷாஃப்டில் ஓடுவது அதன் இன்னொரு குறை. முந்தைய 172எம் மாடலின் 150 குதிரைசக்தி இன்ஜினில் இந்த இரண்டு கவலையும் இல்லை.

2025 ஏப்ரல் 5, சனி

வாங்குமுன் சோதனை. சட்டத்தில் இப்படி ஒரு சோதனைக்கு இலக்கணமே கிடையாது. எதைப் பார்க்கச் சொல்கிறோமோ அதைத்தான் பார்ப்பார்கள். அந்த விமானத்தை இதுவரை தொடாத மெக்கானிக்காக இருக்க வேண்டும். வருடாந்திரச் சோதனையில் கையெழுத்திடும் ஐ.ஏ. அதிகாரம் இருந்தால், எல்லாம் சரியென்றால் இதையே வருடாந்திரச் சோதனையாக முடித்துவிடலாம்.

ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் பார்ப்பது இன்ஜின் சூடாக இருக்கும்போது. 80 பி.எஸ்.ஐ. காற்றைச் செலுத்தி உள்ளே எவ்வளவு நிற்கிறது என்று பார்க்கிறோம். 76, 74, 75 என்று வந்து நாலாவது 58 என்றால் காதைத் தீட்ட வேண்டும். சைலன்சர் குழாயில் ‘ஸ்ஸ்’ என்றால் எக்ஸாஸ்ட் வால்வு. எண்ணெய் ஊற்றும் வாயில் கேட்டால் பிஸ்டன் ரிங். கார்புரேட்டர் பக்கம் என்றால் இன்டேக் வால்வு. உடனே தீர்ப்பு எழுத வேண்டாம். அரை மணி பறந்துவிட்டு வந்து மறுபடி அளக்க வேண்டும். அப்போதும் 60-க்குக் கீழே நின்றால் சிலிண்டர் கழன்றாக வேண்டும்.

கம்ப்ரஷன் நன்றாக இருந்தும் கேம் செத்திருக்கலாம். அதைச் சொல்வது எண்ணெய் ஃபில்டர். கட்டரால் உறையை அறுத்து, மடிப்புக் காகிதத்தைப் பிரித்து, வெயிலில் சாய்த்துப் பார்த்தால் மினுக்குவது தெரியும். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு, அதாவது கேம் அல்லது டேப்பெட்.

பிறகு உடம்பு. முன்சக்கரக் காலுக்குப் பின்னே உள்ள, இன்ஜினையும் கேபினையும் பிரிக்கும் ஃபயர்வால் தகடு சுருங்கியிருந்தால் யாரோ முன்சக்கரத்தில் இறக்கியிருக்கிறார்கள். இருக்கைத் தண்டவாளத்துக்கு ஏ.டி. 2011-10-09 இருக்கிறது. துளைகள் தேய்ந்து, இருக்கையைப் பூட்டும் ஆணி சரியாக உட்காராவிட்டால், விமானம் மேலேறும்போது இருக்கை பின்னால் ஓடும், பைலட் கைப்பிடியைப் பிடித்து இழுத்துக்கொண்டே போவார். சைலன்சரின் ஹீட்டர் உறையைக் கழற்றி விரிசல் பார்க்காமல் விடக் கூடாது. அங்கே விரிசல் என்றால் கார்பன் மோனாக்சைடு நேராக கேபினுக்குள் வரும்.

2025 ஏப்ரல் 13, ஞாயிறு

காப்பீட்டு விலையை விமானம் பேசி முடிக்கும் முன்பே கேட்டுவிட வேண்டும். படிவத்தில் கேட்பது விமானத்தில் எத்தனை மணி, இதே மாடலில் எத்தனை மணி. ஹெலிகாப்டர் மணிக்குத் தனிக் கட்டம், அது இங்கே பெரிதாக உதவாது. பயிற்றுநர் பெயரையும் பாலிசியில் சேர்க்கச் சொல்ல வேண்டும்.

முன்பணம் எஸ்க்ரோவில் (மூன்றாம் தரப்பு வைத்திருக்கும் கணக்கில்). ஓக்லஹோமா சிட்டியில் உள்ள எஃப்.ஏ.ஏ. பதிவகத்தில் உரிமையும் கடனும் தேடிப் பார்த்த பிறகே மீதி. விற்பனைப் பத்திரம் 8050-2, பதிவு விண்ணப்பம் 8050-1. பதிவு 7 ஆண்டுக்குச் செல்லும்.

முழுப் பிரிப்புக்கு 30,000 டாலர் என்று வைத்தால் மணிக்கு 15 டாலர் ஒதுக்க வேண்டும். பெட்ரோல் மணிக்கு 8 கேலன். ஹேங்கர், காப்பீடு, வருடாந்திரச் சோதனை மூன்றும் பறந்தாலும் பறக்காவிட்டாலும் வரும் செலவு.

2025 ஏப்ரல் 19, சனி

ராணுவக்காரருக்கே உரிய தலைவலி: ஒன்பது மாதம் வெளிநாட்டுப் பணி. வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து வைக்கிறேன் என்று நண்பர் சொன்னால் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிட வேண்டும். தரையில் ஓட்டினால் எண்ணெய் போதுமான அளவு சூடாகாது, எரிப்பில் உண்டாகும் தண்ணீர் உள்ளேயே தங்கும். ஒன்று, லைசென்ஸும் காப்பீடும் உள்ள ஒருவர் மாதம் ஒருமுறையாவது எடுத்து, எண்ணெய் 165 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிய நிலையில் ஒரு மணி நேரம் பறக்க வேண்டும். இல்லையேல் முறையாகத் தூங்க வைக்க வேண்டும்: பாதுகாப்பு எண்ணெய் ஊற்றி ஒருமுறை பறந்து, மேல் ஸ்பார்க் பிளக் நாலையும் கழற்றி ஈரம் உறிஞ்சும் பிளக் மாட்டி, எக்ஸாஸ்டையும் மூச்சுக்குழாயையும் அடைத்து, புரொப்பெல்லரில் ‘சுற்றாதே’ என்று அட்டை தொங்கவிட வேண்டும். காப்பீட்டைத் தரையில் நிற்பதற்கு மட்டும் என்று மாற்றினால் தொகை குறையும்.

ஹேங்கர் சாவி யாரிடமோ அவரிடம் ஒரே வேலை சொல்லிவிட்டுப் போனால் போதும்: அந்த பிளக்கின் நீல மணிகள் இளஞ்சிவப்பானால் புதிது மாட்டு.