போடிமெட்டு ஏறும்போது கத்திய கியர்

முந்தல் செக்போஸ்ட் தாண்டும்வரை வண்டி ஒழுங்காகத்தான் வந்தது. போடியிலிருந்து மெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். அதில் பாதி ஏறியிருப்போம். ஒரு வளைவில் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கினேன், கியர் கர்ர்ரென்று கத்திவிட்டு விழாமல் நின்றுகொண்டது. பின் சீட்டில் அம்மாவும் பிள்ளைகளும், எதிரே ஏலத்தோட்ட ஜீப் ஒன்று இறங்கி வருகிறது, நம் வண்டியோ நியூட்ரலில். பிரேக்கை அழுத்திப் பிடித்து, கிளட்சை இரண்டு மூன்று தடவை மிதித்துவிட்டு மறுபடி போட்டதும் விழுந்தது. அந்த இரண்டு மூன்று மிதியில்தான் பதில் இருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

வண்டி ஏழு பேர் உட்காரும் டீசல் எஸ்யூவி, மேனுவல் கியர். ஒரு மாதமாகவே முதல் கியரும் ரிவர்ஸும் முரண்டு பிடித்துக்கொண்டிருந்தன. "பெடல் முன்ன மாதிரி இல்லங்க, தரையைத் தொட்ட பிறகுதான் கிளட்ச் பிரியுது" என்று மனைவி சொல்லியிருந்தாள், நான் அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை. ஊரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டியபோது ஓட்டிக்கூடப் பார்க்காமல், "கிளட்ச் செட் போயிருச்சு, கியர் பாக்ஸை இறக்கணும், 28,000 ஆகும்" என்றார்கள். ஏலக்காய் எடுப்பு முடியட்டும் என்று தள்ளிப்போட்டிருந்தேன்.

அன்று எப்படியோ மெட்டைத் தாண்டி கேரளப் பக்கம் பூப்பாறை வரை வந்துவிட்டோம். சாந்தன்பாறையில் இருக்கும் மாமனாரிடம் போனில் சொன்னதும், எஸ்டேட் ஜீப்புகளைப் பார்க்கும் தமிழ் மெக்கானிக் ஒருவரிடம் அனுப்பினார். அவர் முதலில் ஸ்பேனரைத் தொடவே இல்லை. "ஏத்தத்துல இழுவை எப்படித் தம்பி? இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வண்டி நகராம நிக்குதா? கருகின வாடை வருதா?" என்று கேட்டார். இரண்டும் இல்லை என்றேன். "அப்ப பிளேட் பிடிச்சுத்தான் இருக்கு. பிரியறதுதான் சரியில்ல."

எனக்கு எல்லாம் தெளிந்தது இந்த இடத்தில்தான். இன்ஜினையும் கியர் பாக்ஸையும் சேர்ப்பதும் பிரிப்பதும் கிளட்ச்தான். அது வழுக்குவது ஒரு கோளாறு, பிரியாமல் இருப்பது வேறு கோளாறு. பிளேட் தேய்ந்தால் வழுக்கும். பிரியாவிட்டால், பெடலை முழுதும் அமுக்கியிருந்தாலும் இன்ஜின் கியர் பாக்ஸைக் கொஞ்சம் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். உள்ளே ஒவ்வொரு கியரின் வேகத்தையும் ஒன்றாக்கித் தருவது பித்தளை சின்க்ரோ ரிங். அது இன்ஜினோடேயே மல்லுக்கட்ட வேண்டி வருவதால்தான் கியர் கடினமாகிறது, கத்துகிறது. அப்படியே ஓட்டினால் அந்த ரிங்கும் தேயும்.

இன்ஜினை அணைத்துவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பார்க்கச் சொன்னார். ஐந்தும் ரிவர்ஸும் சத்தமில்லாமல் விழுந்தன. ஸ்டார்ட் செய்து, கிளட்சை முழுதும் அமுக்கி, பத்து எண்ணிவிட்டு ரிவர்ஸ் போட்டால் கரகர. பெடலை மூன்று முறை வேகமாக மிதித்துவிட்டுப் போட்டால் சத்தமே இல்லை. கியர் பாக்ஸில் கோளாறு என்றால் பெடலை மிதித்தா சரியாகும்? பெடலின் அழுத்தத்தைக் கிளட்சுக்குக் கொண்டுபோகும் ஆயில் லைனில்தான் காற்று, அல்லது கசிவு.

டார்ச்சோடு கீழே படுத்தவர் என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். அந்த ஆயில் அழுத்தத்தை வாங்கிக் கிளட்சைப் பிரிக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையைக் கட்டை விரலால் ஒதுக்கினதும் கறுப்பாக ஒரு சொட்டு வழிந்து அவர் மணிக்கட்டில் இறங்கியது. மேலே பிரேக் ஆயில் டப்பாவில் இருந்ததோ டீ டிகாஷன் நிறம். எங்கள் வண்டியில் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் அதே டப்பாதான், வாங்கியதிலிருந்து மாற்றியதே இல்லை. இந்த ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 தர ஆயில் என்றால் புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் ஏறினால் அந்த வரம்பு 155க்கு இறங்கிவிடும். ஈரம் உள்ளே சிலிண்டரையும் அரிக்கும், சீல் கெடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள், பெரிய செலவே இல்லை.

சிலிண்டர் பூப்பாறையில் கிடைக்கவில்லை. போடியில் ஒரு கடைக்குப் போன் போட்டு, காலையில் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றி வரும் ஜீப்பில் கொடுத்தனுப்பச் சொன்னார். மறுநாள் மாட்டியாயிற்று. லைனில் நின்ற காற்றை வெளியேற்ற ஏர் எடுக்கும்போது நான் சீட்டில், அவர் அடியில். "அமுக்கு... பிடி... விடு." காற்று வெளியேறும் நிப்பிளை மூடிய பிறகுதான் பெடலை விட வேண்டும், இல்லாவிட்டால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். டப்பா காலியாகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். டியூபில் குமிழி நின்றதும் பெடல் பழையபடி மேலேயே பிடித்தது. கூலியோடு 2,700 ரூபாய்.

ஆனால் இரண்டாவது கியர் மட்டும் காலையில் இன்னும் கொஞ்சம் கடினமாக இருந்தது. பழைய பில்லைத் தேடிப் பார்த்தால், கையேட்டில் கியர் ஆயில் தரம் ஜிஎல்-4 என்று இருக்க, கடைசி சர்வீஸில் ஜிஎல்-5 கியர் ஆயில் ஊற்றியிருக்கிறார்கள். ஜிஎல்-5இல் கந்தகக் கலவை அதிகம். அதில் சில வகைகள் பித்தளையை அரிக்கும், வழுவழுப்பு கூடுவதால் சின்க்ரோ ரிங் சரியாகப் பிடிக்கவும் செய்யாது. போடிக்கு வந்ததும் அதையும் வடித்தோம். வடிகால் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை மட்டும்தான், இரும்புத் துண்டு எதுவும் இல்லை. ஆயிலை வெயிலில் சாய்த்துப் பார்த்தபோதுதான் பொன் பொடி தூவின மாதிரி மினுமினுத்தது. எல்லாம் ரிங்கிலிருந்து வந்த பித்தளை. பார்க்கவே வயிற்றைப் பிசைந்தது.

சரியான ஆயில் ஊற்றி மூன்று மாதம் ஆகிறது. மெட்டு ஏறும்போது இப்போது கத்தல் இல்லை. சாந்தன்பாறையில் அதிகாலைக் குளிரில் மட்டும் முதல் ஒரு கிலோமீட்டருக்கு இரண்டாவது கியர் தயங்குகிறது, தேய்ந்தது தேய்ந்ததுதான். அந்த ஒரு கிலோமீட்டருக்கு மனைவி பழைய லாரிக்காரர்கள் மாதிரி டபுள் கிளட்ச் போடுகிறாள்: மூன்றிலிருந்து இறக்கும்போது நியூட்ரலுக்கு வந்து, பெடலை விட்டு, ஆக்ஸிலேட்டரை லேசாகத் தொட்டு, மறுபடி அமுக்கி இரண்டில் போடுகிறாள். சத்தமே வருவதில்லை.