எளிய சொற்கள்தான் கஷ்டம்

வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்குப் போகும் ஆங்கில மின்னஞ்சல்களை முன்கூட்டியே படித்துத் திருத்திக் கொடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. புதிதாகச் சேருகிறவர்கள் 'போஸ்ட்போன்', 'டாலரேட்', 'இன்வெஸ்டிகேட்' போன்ற சொற்களில் தடுமாறுவதே இல்லை. அவர்களைத் திணறடிப்பவை, முறையே அதே பொருளைத் தரும் 'புட் ஆஃப்', 'புட் அப் வித்', 'லுக் இன்டு'. பாடப்புத்தகத்தில் படித்தது எழுத்து ஆங்கிலம். மீட்டிங்கில் காதில் விழுவதோ பேச்சு ஆங்கிலம்.

இந்தப் பிளவுக்கு ஒரு வரலாறு உண்டு. 1066-இல் பிரான்சிலிருந்து வந்த நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தபின் அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு கோலோச்சியது. படித்தவர்களின் எழுத்தில் லத்தீன் ஏற்கெனவே இருந்தது. ஆகவே ஒரே காரியத்துக்கு வீட்டுச் சொல் ஒன்று, சபைச் சொல் ஒன்று என்று சேர்ந்துவிட்டன. 'ஆஸ்க்' என்றால் சும்மா கேட்பது. 'இன்டராகேட்' என்றால் காவல் நிலைய வாடை அடிக்கும். இரண்டுக்கும் ஒரே பொருள் என்று மனப்பாடம் செய்துவிட்டு, 'உங்களை இன்டராகேட் செய்ய விரும்புகிறோம்' என்று எழுதினால் வாடிக்கையாளர் வக்கீலைத் தேடுவார்.

ஃப்ரேசல் வெர்ப், அதாவது 'புட் ஆஃப்' மாதிரி வினையோடு சின்னச் சொல் ஒட்டிப் புதுப் பொருள் தருவது, என்றதும் தமிழர்கள் மிரள்வது எனக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது. குழந்தையைப் பார் என்பதும் குழந்தையைப் பார்த்துக்கொள் என்பதும் ஒன்றா? 'லுக் அட்', 'லுக் ஆஃப்டர்' வித்தியாசம் கிட்டத்தட்ட அதுதான். கொள், விடு, போடு என்று வினைக்குப் பின்னால் ஒட்டியே நாம் நாளெல்லாம் பேசுகிறோம். யாரும் பட்டியல் போட்டுப் படித்ததில்லை. வாக்கியமாகக் கேட்டுப் பழகியதுதான். அதனால் சொல்லையும் பொருளையும் மட்டும் குறித்துவைக்காதீர்கள், வந்த வாக்கியத்தை முழுசாக எழுதிவையுங்கள் என்றுதான் குழுவில் சொல்வேன். 'கால் ஆஃப்' என்றால் கூட்டமே ரத்து, 'புட் ஆஃப்' என்றால் தள்ளிவைப்பு. இரண்டிலும் வருவது அதே 'ஆஃப்'தான், அதைப் பிடித்துக்கொண்டு பொருளை ஊகிக்க முடியாது.

எழுத்துக் குழப்பங்கள் அவ்வளவு தொல்லை இல்லை. 'அட்வைஸ்' பெயராக வந்தால் சி, வினையாக வந்தால் எஸ், சரி, முடிந்தது.

ஆங்கிலேயரும் அமெரிக்கரும் சேர்ந்திருக்கும் மின்னஞ்சலில் 'டேபிள்' வந்தால்தான் எனக்குக் கை நடுங்கும். ஒரு யோசனையை 'டேபிள்' செய்வதென்றால் பிரிட்டனில் விவாதத்துக்கு எடுப்பது, அமெரிக்காவில் ஒத்திப்போடுவது. அதை நீக்கிவிட்டு 'டிஸ்கஸ்' என்று போடுவேன். அப்புறம் அதன் வாலில் யாராவது தேவையில்லாத 'அபௌட்' ஒட்டியிருக்கிறார்களா என்று இன்னொரு தடவை பார்க்க வேண்டும்.