நடு வரிசை

டிசம்பர் 22, ஞாயிறு

காலை ஆறரைக்கே நேப்பியர் பாலம், போனில் ஒரு சமச்சீர்ப் படம் எடுக்க. 2022 செஸ் ஒலிம்பியாடுக்காக இந்தப் பாலத்தைக் கறுப்பு வெள்ளைக் கட்டமாக அடித்திருந்தார்கள். அப்போது யார் எடுத்தாலும் படம் தானாக அமைந்தது. இப்போது மெனக்கெட வேண்டியிருக்கிறது. வில் போன்ற வளைவுகள் இரு பக்கமும் சமமாக விழ வேண்டுமானால் சாலைக்கு நட்டநடுவில் நிற்க வேண்டும். மாநகரப் பேருந்துக்கு என் கலையார்வம் புரியாது. நடைபாதையிலிருந்தே எடுத்தேன். ஒரு பக்கம் யானை, மறுபக்கம் பூனை.

டிசம்பர் 24, செவ்வாய்

ஆபீஸ். இன்று கண்ணில் பட்ட ஒரே சமச்சீர், பழுதாகி மூடிக் கிடந்த லிஃப்ட் கதவு.

டிசம்பர் 28, சனி

ரிப்பன் மாளிகை. 1913-ல் திறந்த கட்டடம்; நடுவில் மணிக்கூண்டு, இரு புறமும் ஒரே மாதிரி வெள்ளை வளைவுகள். இதில் கோட்டை விட முடியாது என்று நினைத்துத்தான் போனேன். கோபுர உச்சி ஃப்ரேமுக்குள் வரட்டும் என்று போனைக் கொஞ்சம் மேலே சாய்த்தேன். அவ்வளவுதான், இரண்டு ஓரச் சுவர்களும் உள்பக்கமாகச் சரிந்துவிட்டன. போன் சுவருக்கு இணையாக, செங்குத்தாக நிற்க வேண்டும்; உச்சி வேண்டுமென்றால் நாம்தான் பின்னால் போக வேண்டும். பின்னால் போனேன். கீழே வீணாக விழுந்த தரையை அப்புறம் வெட்டிக்கொண்டேன்.

வீட்டில் அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடிகூடப் போடாமல், "இடது பக்கம் தூக்கியிருக்குடா" என்றார். போனில் கோடு வைத்துப் பார்த்தேன். ஒரு டிகிரி.

ஜனவரி 1, புதன்

ஐந்து மணிக்கு அம்மா எழுப்பிவிட்டார். தெருவிளக்கு எரியவில்லை, கோலம் போட டார்ச் பிடிக்க ஆள் வேண்டுமாம். 15 புள்ளி, 8 வரை, இடைப்புள்ளி. இத்தனை வருடமாக வாசலில் பார்க்கும் கோலம், போடும்போது ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. ஓரத்திலிருந்து தொடங்குவார் என்று நினைத்திருந்தேன். வாசலுக்கு நேராக நடுவில் குந்தி, முதலில் அந்தப் பதினைந்தையும் ஒரே வரிசையாக வைத்தார். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் ஒரு தரம் உரச, ஒரு புள்ளி. அப்புறம் மேலே 14, கீழே 14, இடைவெளிக்கு நேராக. எட்டுக்கு வந்தபோது அறுகோணம் தானாக மூடிக்கொண்டது. டேப், ஸ்கேல் எதுவும் இல்லை.

நானோ இத்தனை நாள் ஃப்ரேமின் இரண்டு ஓரத்தையும் மாறி மாறிப் பார்த்துச் சமன் செய்துகொண்டிருந்தேன். இடதைச் சரிசெய்தால் வலது போகும்.

ஜனவரி 5, ஞாயிறு

திருமயிலை பறக்கும் ரயில் நிலையம். வெளியே பக்கிங்காம் கால்வாய். தண்ணீரில் தூண்கள் அப்படியே தலைகீழாக விழும், மூக்கைப் பொத்திக்கொண்டால் அருமையான இடம். இன்று உள்ளேதான் வேலை. இரு பக்கமும் பருத்த கான்கிரீட் தூண்கள், ஞாயிற்றுக்கிழமைக் காலி. தரையில் இரண்டு கற்கள் சேரும் கோட்டில் இரு கால்களுக்கும் நடு வரும்படி நின்றேன். போன் கட்டத்தின் நடுவை தூரத்து வெளிச்ச வாசலின் நடுவில் வைத்தேன். ஓரத்தைப் பார்க்கவே இல்லை. தூண்கள் தாமாக வந்து இரு பக்கமும் நின்றன!

காலியாகவே ஒன்று எடுத்திருக்கலாம். அதற்குள் ஒரு அம்மா தலைச்சுமையோடு குறுக்கே நடந்துவந்து, சரியாக நடுக்கோட்டைத் தாண்டி ஓரடி வலப்பக்கம் வந்தபோது விரல் அழுத்திவிட்டது.

இரவு அம்மாவிடம் நீட்டினேன். இந்தத் தடவை கண்ணாடி போட்டுக்கொண்டார். சாய்வைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"தலையில என்னடா வச்சிருக்கா, பூவா?"

தெரியவில்லை. பெரிதாக்கிப் பார்த்தோம். முறுக்கு டின்.