கொக்குக்கு வெள்ளை அடிக்கவில்லை

"கொக்குக்கு வெள்ளை அடிக்கலையா தம்பி?"

காலையில் கல்லிடைக்குறிச்சிப் பக்கம், கன்னடியன் கால்வாய்க் கரையில் வரைந்துகொண்டிருந்தேன். மண்வெட்டியோடு வந்த தாத்தா குனிந்து பார்த்துக் கேட்டார்.

"அது வெறும் தாள்தான் தாத்தா. சுத்தி மட்டும்தான் பச்சை."

நீர்வண்ணத்தில் வெள்ளையை நான் தொடுவதே இல்லை. தடிமனான 300 ஜிஎஸ்எம் தாளை நனைத்துப் பொதிகையை ஈரத்திலேயே இழுத்துவிட்டேன். அடிவாரம் தானாகவே மஞ்சில் கரைந்துபோனது. வயலுக்கு அப்படி முடியாது. தாள் காய வேண்டும். இல்லையென்றால் பச்சை ஓடிக் கொக்கை முழுங்கிவிடும்.

காயும்வரை சும்மா வயலையே பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு இதில் ரொம்பப் பிடித்ததே அந்த நேரம்தான். எதைப் பூசாமல் விட வேண்டும் என்று அப்போதுதான் தெரிகிறது.

தாத்தா போகும்போது கை நீட்டினார்.

"அந்தா, மடையோரம் ஒண்ணு நிக்கு பாரு. அதையும் விட்டுரு."