தமிழில் கிரிப்டோகிராம்: புள்ளியிலிருந்து தொடங்குகிறேன்

ஒவ்வோர் எழுத்துக்கும் பதிலாக வேறோர் எழுத்தை வைத்து எழுதிய வரியைக் கண்டுபிடிக்கும் புதிர்தான் கிரிப்டோகிராம். ஆங்கிலக் கிரிப்டோகிராமில் தனித்து நிற்கும் ஓரெழுத்து பெரும்பாலும் 'ஏ' (A) அல்லது 'ஐ' (I). அதிகம் வரும் எழுத்து 'இ' (E). எழுத்துகளை எண்ணிச் சங்கேதத்தை உடைக்கும் இந்த முறையை ஒன்பதாம் நூற்றாண்டிலேயே பாக்தாத்தில் அல்-கிந்தி எழுதி வைத்துவிட்டார். அதையே தமிழில் செய்து பார்த்தேன். பழமொழி அளவுள்ள ஒரு வரியில் எண்ணிக்கை அதிகம் உதவவில்லை. உதவியது, பள்ளியில் படித்த மொழிமுதல், மொழியிறுதி எழுத்துகள்தான், அதாவது சொல்லின் முதலிலும் இறுதியிலும் வரக்கூடிய எழுத்துகள்.

நானும் அக்காவும் வைத்துக்கொண்ட விதி எளியது. 18 மெய்களும் தமக்குள் இடம் மாறும். உயிரும் உயிர்க்குறிகளும் புள்ளியும் மாறாது. பிறமொழிச் சொற்கள் கிடையாது, ஏனென்றால் ரயிலும் லட்டும் வந்தால் மொழிமுதல் விதி நிற்காது. அக்கா பழமொழிகளை மாற்றி எழுதித் தருகிறார். அவர் தந்தவற்றில் ஒன்று:

ளாடைர்ருஞ் அபி ஙவுர்ருஞ்

முதலில் புள்ளிகளைப் பார்க்கிறேன். இரண்டு சொற்கள் 'ஞ்' என்று முடிகின்றன. சொல்லின் இறுதியில் இயல்பாக நிற்கும் மெய்கள் சிலவே: ண், ம், ன், ய், ர், ல், ழ், ள். அதற்கு முன்னால் இரட்டித்த மெய், அதன்மேல் உகரம். '-க்கும்' என்ற முடிவு உடனே கண்ணில் படுகிறது. ரகரமும் ழகரமும் இரட்டிப்பதில்லை என்பதால் அவற்றை எண்ணவே வேண்டியதில்லை. இப்போது '_ா_ைக்கும் அ_ி __ுக்கும்'. முதற்சொல் நாளைக்கும், பானைக்கும், சாலைக்கும் என்று எதுவாகவும் இருக்கலாம். கடைசிச் சொல் வழுக்கும், நறுக்கும், சறுக்கும். நடுவில் அடி, அணி, அரி. மூன்றையும் சேர்த்து வாய்விட்டுப் படித்தால் யானைக்கும் அடி சறுக்கிவிடுகிறது!

நீண்ட வாக்கியங்களில் எனக்கு மிகவும் பிடித்த தடயம் ஒற்று மிகுதல். ஒரு சொல் எந்த மெய்யில் முடிகிறதோ அதே மெய்யில் அடுத்த சொல் தொடங்கினால், 'அந்தப் பையன்', 'அதைச் செய்' போல, பெரும்பாலும் அது க, ச, த, ப நான்கில் ஒன்று. ஒற்றை விட்டுவிட்டு எழுதும் இன்றைய தலைப்புகளை விடுவிப்பது இதனாலேயே கடினம். சந்தியைச் சுமை என்று நினைப்பவர்கள் ஒருமுறை இந்தப் புதிரைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

அடுத்தது இன எழுத்துகள். ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற. ஒரு மெய்க்குப் பின்னால் எப்போதும் ஒரே மெய்தான் வருகிறது என்றால் இந்த இணைகளில் தேடலாம். 'ங்க' கிடைத்தால் '-ங்கள்' என்ற பன்மை முடிவும் சேர்ந்தே வந்துவிடும்.

இப்போது இரண்டாம் கட்டத்தில் இருக்கிறேன். அக்கா உயிர்களையும் இடம் மாற்றுகிறார். புள்ளி மட்டும் அப்படியே. ஒரு வரி போதவில்லை, ஒரு முழுப் பத்தி கேட்டு வாங்குகிறேன். சொல்லின் இறுதிக்கே வராத குறிகளைத் தனியே குறித்துக்கொள்கிறேன். குறில் எகரமும் ஒகரமும் அவற்றில்தான் இருக்கும். வல்லினத்தின் மேலேறிச் சொல்லை அடிக்கடி முடித்துவைக்கும் குறி பெரும்பாலும் உகரம். ஐகாரத்தையும் அகரத்தையும் பிரிப்பதில்தான் இன்னும் நேரம் போகிறது. 'ஐ' உருபில் சொற்கள் முடியும் இரண்டாம் வேற்றுமை நிறைந்த பத்தியாக அடுத்த முறை கேட்டிருக்கிறேன்.