உலாந்தாப் பாட்டனைத் தேடிப் போனோம்

மெல்பேர்னிலிருந்து வந்திறங்கிய என் பள்ளித் தோழியின் பெட்டியில் சொக்லேட்டை விடக் கடதாசிதான் அதிகம். எல்லாவற்றுக்கும் மேலே, பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக, அவளுடைய தாத்தா 1960களில் தட்டச்சு செய்த வம்சாவளி. எங்கள் வகுப்பில் இருந்த ஒரே பறங்கிப் பெண், அதாவது ஐரோப்பிய வழிவந்த கலப்புக் குடும்பத்துப் பெண், அவள்தான். ஒன்பதாம் வகுப்போடு குடும்பமாக ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார்கள். இப்போது முதல் பாட்டனைக் கண்டுபிடிக்க வேண்டுமாம், துணைக்கு நான் வர வேண்டுமாம். சரி, பத்து நாள் லீவு போட்டேன்.

முதல் நாளே சறுக்கல். ஆவணக் காப்பகத்துக்கு ஓட்டோ பிடித்துப் போய் இறங்கினால் கேற் பூட்டியிருக்கிறது. அன்றைக்குப் போயா, முழுநிலா விடுமுறை. முப்பது வருஷமாகக் கொழும்பில் இருக்கிற எனக்கு அது நினைவில்லாமல் போனதை அவள் ஊர் திரும்பும்வரை சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

பாட்டனைப் பற்றி அவள் ஏற்கெனவே கொஞ்சம் தோண்டியிருந்தாள், அதுவும் வீட்டு சோபாவில் இருந்தபடி. ஒல்லாந்து, அதாவது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 18ஆம் நூற்றாண்டில் கப்பலேற்றிய ஆட்களின் சம்பளப் புத்தகங்கள் ஹேக் நகரத்து தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகளை இணையத்திலேயே தேடலாம். ஆளின் பெயர், ஊர், கப்பல், வேலை, கடன் எல்லாம் உண்டு. ஒல்லாந்துப் பாட்டன் என்று தலைமுறை தலைமுறையாகப் பெருமை பேசிய குடும்பம். ஆனால் பதிவில் அந்த மனுஷன் ஹம்பர்க்காரன், ஜெர்மானியன். இது அதிசயமில்லை. கம்பெனியின் சிப்பாய்களில் பெரும் பங்கு வெளிநாட்டார்தான், அதிலும் ஜெர்மன் ஊர்க்காரர் ஏராளம். மாதம் ஒன்பது கில்டர் சம்பளம். கப்பலேறும்போதே கடன்பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் ஏறினார்கள். இருநூறு வருஷத்தில் ஏறத்தாழப் பத்து லட்சம் பேர் இப்படிக் கிழக்கே போனார்கள், திரும்பி வந்தவர்கள் பாதிகூட இல்லை. பலருடைய கணக்கின் கடைசியில் 'ஓவர்லேடன்' என்று ஒரு சொல். இறந்தார் என்று அர்த்தம். கப்பல் 1740களில் இலங்கைக்கு வந்ததோடு அவளுடைய பாட்டனின் தடம் மங்கிவிட்டது. அதற்குப் பிறகுள்ளதைத்தான் இங்கே தேட வேண்டும்.

அடுத்த நாள் செட்டியார் தெரு நகைக்கடைகளைத் தாண்டி மேட்டில் ஏறி வொல்வெண்டால் தேவாலயத்துக்குப் போனோம். 1749இல் அடிக்கல் வைத்து 1757இல் திறந்தது. சிலுவை வடிவக் கட்டடம். சுவரின் தடிப்பைப் பார்த்தால் கோட்டை கட்ட வந்தவர்கள் மனம் மாறித் தேவாலயம் கட்டிவிட்டார்களோ என்று தோன்றும். உள்ளே தரையெல்லாம் கல்லறைக் கற்கள். கோட்டைக்குள் இருந்த பழைய தேவாலயத்திலிருந்து 1813இல் ஆளுநர்களின் எச்சங்களையும் கற்களையும் இங்கே கொண்டுவந்தார்கள், தீவட்டி ஊர்வலமாக. அந்தக் கற்களின் மேலேதான் நடக்க வேண்டும். நான் செருப்பைக் கழற்றப் போனேன். காவலாளி வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

தோழி முழங்காலிட்டு ஒவ்வொரு கல்லையும் விரலால் தடவி வாசித்தாள். கேடயச் சின்னம், அதன் மேலே இறகு வைத்த தலைக்கவசம், கீழே எழுத்து. 'கெபோரன்' என்றால் பிறந்தார். 'ஹுயிஸ்ஃப்ரௌ' என்றால் இன்னாருடைய மனைவி. அரை மணி நேரத்தில் எனக்கும் பழகிவிட்டது. ஒன்று கவனித்தேன். மனைவியின் கல்லில் அவளுடைய தகப்பன் வழிக் குடும்பப் பெயர் அப்படியே இருக்கிறது, கணவன் பெயர் பிறகுதான் வருகிறது. ஆங்கிலேயர் கல்லறையில் இப்படிப் பார்ப்பது அரிது. வம்சாவளி தேடுகிறவர்களுக்கு இது பெரிய உபகாரம், தாய்வழியும் அறுந்துபோகாது. ஆனால் இதெல்லாம் காசுள்ள வீட்டுப் பெண்களுக்கு. ஒன்பது கில்டர் சிப்பாய்க்குத் தேவாலயத் தரையில் யார் இடம் கொடுப்பார்கள்? பாட்டனின் கல் அங்கே இல்லை. இருக்காது என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரிந்திருக்கும். இருந்தாலும் கடைசிக் கல்வரை பார்த்துவிட்டுத்தான் எழுந்தாள்.

மத்தியானம் பம்பலப்பிட்டியில் உள்ள டச்சுப் பேர்கர் யூனியன். 1908இல் தொடங்கிய சங்கம். போன காரியம் பழைய சஞ்சிகைகள் என்றாலும் முதலில் லம்ப்ரைஸ் சாப்பிட்டோம். வாழை இலைப் பொட்டலத்தைப் பிரித்ததும் வரும் அந்த வாசனைக்காகவே அங்கே போகலாம். இறைச்சி ரசத்தில் வெந்த சோறு, கறி, கத்தரிக்காய்ப் பிரட்டல், பிளாச்சான் என்ற இறால் சம்பல், ஒரு இறைச்சி உருண்டை. பெயர் ஒல்லாந்து, இலை நம்முடையது, பிளாச்சான் மலாய்க்காரர் தந்தது. தோழி விரலைச் சூப்பிக்கொண்டே, "எங்கட வம்சாவளியும் இதுதான், ஆனா யாரும் பொட்டலத்தைப் பிரிக்கேல்ல" என்றாள்.

அவள் சொன்னது சும்மா இல்லை. அந்தத் தட்டச்சுக் கடதாசி எதற்காகத் தயாரானது என்று அன்றுதான் விளக்கினாள். சிங்களத்தை மட்டும் அரசமொழியாக்கிய 1956 சட்டத்துக்குப் பிறகு பறங்கியர் கூட்டம் கூட்டமாகப் புறப்பட்டார்கள். ஆஸ்திரேலியாவோ அப்போது வெள்ளையரை மட்டும் எடுத்துக்கொண்டிருந்த நாடு. 1973 வரை அந்தக் கொள்கை முழுதாகக் கைவிடப்படவில்லை. கலப்புக் குடும்பமென்றால் முக்கால் பங்காவது ஐரோப்பிய இரத்தம் என்று காட்ட வேண்டும். பாட்டன் யார், பூட்டன் யார் என்று ஒவ்வொருவரும் கடதாசி தேடத் தொடங்கியது அப்போதுதான். அவளுடைய தாத்தாவும் அப்படித்தான் தயாரித்தார். ஆண்கள் எல்லாருக்கும் பெயரும் வருஷமும் உண்டு. முதல் பாட்டனின் மனைவி இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு சின்னக் கோடு. தெரியாமல் விட்டாரா, தெரிந்தே விட்டாரா? இத்தனைக்கும் தாத்தா கடைசியில் போகவே இல்லை. பாட்டி கொழும்பை விட்டு வர மாட்டேன் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டாராம். அவர்களுடைய மகன் காலத்தில்தான் குடும்பம் கப்பலேறியது. ஐயோ, விமானம். இவ்வளவு நேரம் கப்பல் பதிவுகளிலேயே கிடந்ததில் கை தானாக எழுதுகிறது.

சஞ்சிகைகளில் பழைய தேவாலயத் திருமணப் பதிவுகளையும் அச்சிட்டிருக்கிறார்கள். பக்கம் பக்கமாகப் பெயர்கள். மூன்றாவது மணி நேரத்தில் தோழி என் கையைக் கிள்ளினாள். பாட்டன்! குடும்பப் பெயரில் இரண்டு எழுத்து மாறியிருந்தது. எழுதுகிறவர் காதில் விழுந்ததைத்தான் எழுதினார். ஊர் ஹம்பர்க், வேலை சிப்பாய். பக்கத்தில் மணமகள். ஒரு கிறிஸ்தவப் பெயர், அதற்குப் பின் 'ஃபான் யாஃப்னபட்னம்', அப்புறம் 'யொங்ஹ டொக்டர்'.

"டொக்டரா? அந்தக் காலத்திலயா?" என்றேன்.

"விசரே, இளம் மகள் எண்டு அர்த்தம். கல்யாணம் ஆகாதவள்."

சத்தம் போட்டுச் சிரித்துவிட்டோம், பக்கத்து மேசைப் பெரியவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். பிறகு அந்த வரியைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தோம். குடும்பப் பெயர் இல்லை. தகப்பன் பெயர் இல்லை. யாழ்ப்பாணம், அவ்வளவுதான். கம்பெனி ஐரோப்பியப் பெண்களை அதிகம் கொண்டுவரவில்லை. வந்தவர்கள் இங்கேயே பெண் எடுத்தார்கள். பெண் கிறிஸ்தவளாக இருக்க வேண்டும், திருமுழுக்குப் பெயர் வேண்டும். அந்தப் பெயருக்கு முன்னால் அவளை வீட்டில் என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பது எந்தப் புத்தகத்திலும் ஏறாது.

ஒல்லாந்தர் எழுதிவைப்பதில் குறை வைத்தவர்கள் இல்லை. காணி யாருடையது, அதில் எத்தனை மரம், வீட்டில் எத்தனை தலை என்றெல்லாம் தோம்பு எழுதினார்கள். காணிப் பேச்சு வந்தால் என் அப்பப்பாவே 'தோம்பில இருக்கு' என்றுதான் சொல்வார். அவர் வேலை செய்த இடம் கந்தோர், மேசையில் இழுப்பது லாச்சி. இரண்டும் ஒல்லாந்துச் சொல் என்று தோழிக்குச் சொன்னேன். "அப்ப நீயும் முக்கால் பங்கு தேறுவாய்" என்றாள்.

இரவு பஸ்ஸில் யாழ்ப்பாணம். கோட்டையை 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த ஒல்லாந்தர், இடித்து ஐங்கோணமாகக் கட்டினார்கள். உள்ளே 1706இல் கட்டிய சிலுவை வடிவத் தேவாலயம் ஒன்று இருந்தது. போரில் போய்விட்டது. இப்போது முருகைக்கல் குவியலும் புல்லும்தான். நல்லவேளையாக லுடோவிசி என்பவர் ஒல்லாந்துத் தேவாலயக் கல்லறை எழுத்துகளை 1877இலேயே தொகுத்து அச்சிட்டுவிட்டார். கல் போனாலும் எழுத்து தப்பியது. எங்கள் பெண் அந்தக் குவியலுக்கு அடியில் இருக்கப் போவதில்லை. ஆனாலும் தோழி ஒரு கல்லின் மேல் வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள். முருகைக்கல்லுக்குள் சின்னச் சின்ன ஓட்டைகள், ஒன்றில் சங்குத் துண்டு ஒன்று பதிந்திருந்தது. நகத்தால் அதைக் கிளறிக்கொண்டிருந்தாள். கடல் காற்றில் அவளுடைய பழுப்பு முடி பறந்தது. வெயில் ஏறியதும் நான்தான் எழுப்பினேன்.

திரும்பும்போது ஓட்டோக்காரர் கண்ணாடியில் அவளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"அக்கா எந்த நாடு?"

அவள் என்னைப் பார்த்தாள். "இவ யாழ்ப்பாணம்தான் அண்ணை" என்றேன்.

"அப்பிடியோ?" என்று வேகத்தைக் குறைத்தார். "யாழ்ப்பாணத்தில எவடம்?"