மூன்று மானிட்டருக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு: தேர்ந்தெடுத்ததும் பொருத்தியதும்

லாரி ஓட்டும் யூரோ டிரக் சிமுலேட்டர் 2, கார் பந்தயம் ஓட்டும் அசெட்டோ கோர்சா ஆகிய இரண்டு விளையாட்டுகளையும் மூன்று மானிட்டரில் ஓட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். ஏற்கெனவே இருந்த 27 அங்குல, 2560×1440 பிக்சல், 144 ஹெர்ட்ஸ் மானிட்டருடன் அதே மாதிரியில் இன்னும் இரண்டைச் சேர்ப்பது என்று முடிவெடுத்தேன். மூன்றும் சேர்ந்தால் 7680×1440, அதாவது ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் பிக்சல். ஒரு 4கே திரையில் இருப்பது சுமார் 83 லட்சம் பிக்சல்தான் என்பதால், 4கே சோதனை முடிவுகளை நம்பிக் கார்டு வாங்குபவரும் அதற்கு மேல் மூன்றில் ஒரு பங்கு சுமையைக் கூட்டிக்கொண்டுதான் கணக்குப் போட வேண்டும்.

என்னிடம் இருந்தது 6 ஜிபி நினைவகம் கொண்ட ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர். புதிய மானிட்டர்கள் வருவதற்கு முன்பே அதை வைத்து ஓர் ஒத்திகை பார்த்தேன். திரையில் உள்ளதைவிட அதிகப் பிக்சல்களில் படத்தை வரைந்து, பிறகு திரைக்கு ஏற்பச் சுருக்கிக் காட்டும் என்விடியாவின் டிஎஸ்ஆர் வசதியில் 3.00 மடங்கு என்று ஓர் அளவு உண்டு. 1440 மானிட்டரில் அதைத் தேர்ந்தால் விளையாட்டு வரைய வேண்டிய பிக்சல்கள் மூன்று மானிட்டருக்கான எண்ணிக்கையோடு ஏறக்குறைய அப்படியே பொருந்திவிடுகின்றன. செலவில்லாமல் சுமையை முன்கூட்டியே அறிய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. மழை இரவில் நகரத்துக்குள் லாரியை ஓட்டியபோது பழைய கார்டு திணறியது. நினைவகமும் விளிம்பு வரை நிரம்பியது. இந்த ஒத்திகையில் பிக்சல்கள் கூடுகின்றனவே தவிர, பார்வைப் பரப்பு விரிவதில்லை. மூன்று திரைகளில் கூடுதலாகக் கண்ணில் படும் கட்டடங்கள், மரங்கள், வாகனங்கள் ஆகியவற்றின் சுமை இதற்கு மேல் வரும்.

பார்வைப் பரப்பைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கார்டுத் தேர்வையே அது பாதிக்கிறது. 27 அங்குல மானிட்டரின் அகலம் கிட்டத்தட்ட 60 செ.மீ.; கண்ணிலிருந்து 60 செ.மீ. தொலைவில் அதை வைத்தால் ஒரு திரை ஏறத்தாழ 53 டிகிரியை அடைத்துக்கொள்ளும், மூன்றும் சேர்ந்து 159 டிகிரி. இவ்வளவு அகன்ற காட்சியை ஒரே தட்டைப் படமாக வரைந்தால் ஓரங்கள் கோரமாக இழுபடும்; நேர் எதிரே உள்ள 53 டிகிரியோ மொத்த அகலத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்தில் ஒடுங்கிவிடும். அதனால்தான் நல்ல சிமுலேட்டர்கள் ஒவ்வொரு திரைக்கும் தனித்தனிக் காட்சியாக மூன்று முறை வரைகின்றன. மூன்று முறை வரைவதென்றால் பிராசஸரும் காட்சியை மூன்று முறை தயாரித்துக் கொடுக்க வேண்டும். கார்டின் பயன்பாடு 100 விழுக்காட்டை எட்டாமலேயே பிரேம்கள் (விநாடிக்கு வரையப்படும் படங்கள்) குறைந்தால், அங்கே இன்னும் விலையுயர்ந்த கார்டு வாங்கிப் பயனில்லை. டிரக் சிமுலேட்டரில் பக்கக் கண்ணாடிகளும் தனித்தனிக் காட்சிகளாகவே வரையப்படுகின்றன என்பதால் இந்தச் சுமை மேலும் ஏறுகிறது.

அடுத்தது மானிட்டர் கேபிளைச் செருகும் போர்ட்டுகள். பழைய கார்டில் டிஸ்ப்ளேபோர்ட் ஒன்று, எச்டிஎம்ஐ ஒன்று, டிவிஐ ஒன்று மட்டுமே இருந்தன. டிவிஐ வழியாக 1440 திரையை 144 ஹெர்ட்ஸில் இயக்க முடியாது. மூன்று திரைகளை ஒன்றாக இணைக்கும்போது மூன்றும் ஒரே வேகத்தில் ஓடுவதுதான் நல்லது. ஒரே சிப் கொண்ட கார்டுகளிலும் போர்ட் அமைப்பு தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறக்கூடும் என்பதால், கடையில் பெட்டியின் பின்புறப் படத்தைப் பார்த்து எண்ணிக்கொள்வது அவசியம்.

இறுதியில் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4070, ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 7800 எக்ஸ்டி ஆகிய இரண்டும் என் பட்டியலில் நின்றன. முன்னதில் 12 ஜிபி நினைவகம், விநாடிக்கு 504 ஜிபி நினைவக வேகம், 200 வாட்; பின்னதில் 16 ஜிபி, 624 ஜிபி, 263 வாட். மின்சாரத்திலும் வெப்பத்திலும் என்விடியா கார்டு தெளிவாகவே மேல். ஆனால் ஒத்திகையில் முதலில் தீர்ந்துபோனது நினைவகம்தான். இத்தனை பிக்சல்களுக்கு நினைவக வேகமும் முக்கியம் என்று கருதி 7800 எக்ஸ்டியை எடுத்தேன். ஐரேசிங் என்ற கார் பந்தய விளையாட்டை ஓட்டும் நண்பர் கேட்டால் என் பரிந்துரை என்விடியா பக்கம் மாறும்: 2016-இல் பாஸ்கல் தலைமுறைக் கார்டுகளோடு என்விடியா கொண்டுவந்த, பல காட்சிகளை ஒரே ஓட்டத்தில் வரையும் நுட்பத்தை அந்த விளையாட்டு பயன்படுத்திக்கொள்கிறது. கார்டோடு 750 வாட் பவர் சப்ளையும் வாங்க வேண்டியிருந்தது. அந்தச் செலவையும் சேர்த்துத்தான் கார்டின் விலையை மதிப்பிட வேண்டும்.

பொருத்திய பின், பல திரைகளை ஒரே திரையாக இணைக்கும் ஐஃபினிட்டி வசதியில் மூன்று திரைகளையும் ஒன்றாக்கினேன். 2009-இல் ஏஎம்டி இதை அறிமுகப்படுத்தியது; என்விடியாவில் ஒற்றைக் கார்டிலேயே மூன்று மானிட்டரில் விளையாட 2012-இல் ஜிடிஎக்ஸ் 680 வர வேண்டியிருந்தது. பக்க மானிட்டர்களை 53 டிகிரிக்குத் திருப்பி, டிரக் சிமுலேட்டரின் அமைப்புக் கோப்பிலும் அதே கோணத்தை எழுதியதும், நடுத்திரையில் இருந்த சாலைக் கோடு விளிம்பைத் தாண்டி உடையாமல் நேராகப் பக்கத்திரைக்குள் சென்றது. இடப்பக்கக் கண்ணாடி இப்போது தலையைத் திருப்பினால் தெரியும் இடத்தில் இருக்கிறது. ரவுண்டானாவில் வரும் வண்டியைப் பார்க்கப் பொத்தானை அழுத்தத் தேவையில்லை.

பிரேம்களை விநாடிக்கு 72-இல் நிறுத்தி வைத்திருக்கிறேன். 144-இல் சரிபாதி என்பதால் ஓட்டம் சீராக இருக்கிறது, அறையும் அவ்வளவு சூடாவதில்லை. கண்ணாடிகளின் தரத்தை ஒரு படி குறைத்தபோது கிடைத்த பலன், நிழல்களைக் குறைத்தபோது கிடைத்ததைவிட அதிகம். விளையாடாத நேரத்திலும் மூன்று திரைகளும் 144 ஹெர்ட்ஸில் இருந்தால் கார்டின் நினைவக வேகம் இறங்காமல் மின்சாரம் வீணாகிறது. டெஸ்க்டாப்பில் 60-க்கு மாற்றியதும் அது இறங்கிவிடுகிறது. விளையாட்டைத் திறக்கும்போது தானாக 144-க்கும், மூடும்போது 60-க்கும் மாற்றும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.